பாய்மரக் கெளுத்தி

டெக்சஸ் சிட்டி டைக்.
வளைகுடாவுக்குள் நீண்டு கிடக்கும் கருங்கல் வரிசை.
ஜூன் மாதம், காலை ஆறரை,
சுத்திகரிப்பு ஆலையின் வாடை கலந்த காற்று.
என் தூண்டில் கனத்து வளைய,
பக்கத்துப் பாறையில் தொப்பியால் முகம் மூடிப் படுத்திருந்த
ராய் திபோடோ பார்க்காமலே சொன்னார்:
"கெளுத்திதான். நூலை வெட்டி விடு."

இந்தக் கரையில் அதற்கு மரியாதை அவ்வளவுதான்.
ரெட்ஃபிஷ் வந்தால் படம் எடுப்பார்கள்,
அளவு நாடா தேடுவார்கள்.
கெளுத்தி வந்தால் செருப்புக் காலால் தள்ளுவார்கள்.
கூழைக்கடா கூட இரண்டு முறை யோசிக்கும்,
தொண்டைக்குள் முள் விரியும் என்று
அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

விலை போடுவது என் வேலை.
புயல் போன வாரங்களில்
கூரை கூரையாக ஏறுவேன்,
பெயர்ந்த ஓடுகளை எண்ணுவேன்,
தேய்மானம் கழித்து
இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுப்பேன்.
அந்தத் தாளைப் படிக்கிறவர்களின் வாய்
எப்படி மூடிக்கொள்ளும் என்று தெரியும்.

நூலை வெட்டவில்லை.

ஒரு முழம் கோழை நூலில் முதலில் ஏறியது.
பிறகு மீன்.
ஈயச் சாம்பல் முதுகு, பால் வயிறு,
முதுகுச் செட்டையிலிருந்து பின்னால் பறக்கும் ஓர் இழை,
பாய் இறக்கிய படகில்
கட்டாமல் விட்ட கயிறு மாதிரி.
கரகரவென்று எதையோ முறையிட்டது.
தூண்டில் முள் வாயில் இல்லை,
விலாவில் மாட்டியிருந்தது.
வாய் மட்டும் இறுக்கமாக மூடியிருந்தது.

குறடால் மெல்ல நெம்பினேன்.
உள்ளே
கோலிக்குண்டு கோலிக்குண்டாய் மஞ்சள் முட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கண் புள்ளி.
ஆண் மீன்.
குஞ்சுகள் நீந்திப் போகும் வரை
எதையும் விழுங்காத வாய்.
ஒரு முட்டை பாறையில் விழுந்து உருண்டது.
நான் குனிவதற்குள் நண்டு எடுத்துப் போனது.

விலாவிலிருந்து முள்ளைக் கழற்றி
தண்ணீருக்குள் கையை இறக்கித் திறந்தேன்.
ராய் தொப்பியை நகர்த்தி ஒரு கண்ணால் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய இராலைத்தான்
ஏதோ தின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது கெளுத்தி நேர்மையாகக் கடித்தது.
என்னையும்தான்:
கட்டைவிரலில் பக்கச் செட்டையின் முள்.
வலி தோள் வரை ஏறியது.
பெட்ரோல் பங்கில் காபி இயந்திரத்தின் வெந்நீரைப் பிடித்து
காகிதக் கோப்பைக்குள் விரலை விட்டு நின்றேன்.
கல்லாப் பெண் கேட்டாள்:
"சின்னதா, பெரிசா?"
விரலையா கோப்பையையா என்று யோசித்து
சின்னதுக்குக் காசு கொடுத்தேன்.

வீட்டில் முதலில் மூன்று முட்களையும் நறுக்கினேன்.
கல்லுப்பு, வினிகர், பிறகு புளித்தண்ணீர்,
ஐந்தாவது அலசலில்தான் கோழை விட்டுக்கொடுத்தது.
தோலை உரித்து,
நடுவில் ஓடும் சிவப்புச் சதையைச் சீவி எறிந்தேன்.
சேற்று வாடை எல்லாம் அந்த வரியில்தான்.
மிச்சம் வெள்ளை,
தலையணை உறை மாதிரி வெள்ளை.

புகை மணி அலறும் என்பதால்
அடுப்பு பால்கனியில்.
மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட குழம்பு
கீழ்வீட்டு நாயைக் குரைக்க வைத்தது.

எபனேசர் பிறந்த வீட்டில்
செதிள் இல்லாத மீன் தீட்டு.
சோறு வடித்தான்,
அப்பளம் பொரித்தான்,
எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டான்.
நான் இரண்டாவது துண்டைப் பிரிக்கும்போது
தட்டை நீட்டினான்.
"குழம்பு மட்டும்.
குழம்புக்குச் செதிள் ஏது?"

சதை இதழ் இதழாகக் கழன்றது.
நண்டின் இனிப்பு கொஞ்சம்,
வேறு எதன் சாயலும் இல்லாதது மீதி.
ஒரு முள் கூட நாக்கில் தட்டவில்லை,
எல்லா முள்ளையும்
அது வெளியிலேயே வைத்திருந்தது.

திங்கட்கிழமை, பசடேனாவில் ஒரு கூரை.
கீழே வீட்டுக்காரி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
விரல் இன்னும் வீங்கித்தான் இருந்தது,
பேனா பிடிபடவில்லை.
தொகையை வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினேன்.
பெரிதானது
எழுத்து மட்டும்தான்.